அப்டேட் செய்யப்படாத சேர்வர் ஒன்றைப் பொறுப்பேற்றபோது

கொழும்பில் நான் அறிந்த சிறிய வணிக நிறுவனங்கள் பலவற்றில், யாரோ ஒருவர் என்றோ அமைத்துவிட்டுப் போன லினக்ஸ் சேர்வர் ஒன்று எவருடைய பொறுப்பிலும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்றை 2024 இன் தொடக்கத்தில் நான் பொறுப்பேற்றேன். புறக்கோட்டையில் தலைமைக் கடையும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கிளைகளும் உள்ள மின்சாதன மொத்த வியாபாரம் அது. கணினி தொடர்பான எல்லா வேலைகளுக்கும் நான் ஒருத்திதான். எனக்கு முன்னர் இருந்த பொறியியலாளர் 2022 நெருக்கடியின்போது வெளிநாடு சென்றுவிட்டார். அவர் விட்டுச்சென்றது கடவுச்சொற்கள் எழுதிய ஒரு தாள் மட்டுமே. அதன் பின்னர் நடந்தவற்றை ஒழுங்காக எழுதி வைத்தால், இதே நிலையில் வேலைக்குச் சேரும் இன்னொருவருக்குச் சில இரவுகளின் தூக்கமாவது மிஞ்சும் என்பதால் இதை எழுதுகிறேன்.

சேர்வர் வெளிநாட்டு ஹோஸ்டிங் நிறுவனம் ஒன்றிடம் டொலரில் வாடகைக்கு எடுக்கப்பட்டது. இயங்குதளம் சென்ட்ஓஎஸ் 7. 2014 இல் வெளிவந்த அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜூன் 30 ஆம் திகதியுடன் முடிவடையும் என்பது பல ஆண்டுகளாகவே அறிவிக்கப்பட்டிருந்தது. அதனுடன் வருகின்ற மென்பொருள்கள் மிகப் பழையவை: இயங்குதளத்தின் கருவான கேர்னல் 3.10, இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான பிஎச்பி 5.4, தரவுத்தள மென்பொருளான மரியாடிபி 5.5. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் பதிப்பு எண்ணைப் பார்த்தவுடன் பதறிவிடுவார்கள். அதனால் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ரெட் ஹெட் வழிவந்த சென்ட்ஓஎஸ் போன்ற இயங்குதளங்களிலும் டெபியன், உபுண்டு ஆகியவற்றிலும் பதிப்பு எண்ணை மாற்றாமலேயே பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பழைய பதிப்பினுள் சேர்த்து வெளியிடுவது வழக்கம். ஆகவே பிஎச்பியை உருவாக்குபவர்கள் 5.4 ஐ 2015 இலேயே கைவிட்டிருந்தாலும், சென்ட்ஓஎஸ் 7 இன் ஆயுட்காலத்தில் அதற்கு முக்கியமான திருத்தங்கள் வந்துகொண்டிருந்தன. வந்த திருத்தங்களை யாராவது நிறுவினார்களா என்பதுதான் கேள்வி.

நிறுவவில்லை. மென்பொருள்களை நிறுவவும் புதுப்பிக்கவும் பயன்படும் யம் கட்டளையால் அப்டேட் செய்யச் சொன்னால், புதுப்பிக்க எதுவும் இல்லை என்ற பொருளில் ஒரு வரி வரும். அந்த வரியை மாதாமாதம் முதலாளிக்குக் காட்டியிருக்கிறார்கள். அதன் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது: கேர்னல், பிஎச்பி, மரியாடிபி, இணையப் பக்கங்களைப் பரிமாறும் அப்பாச்சி, பயனர்களின் அதிகாரத்தை நிர்வகிக்கும் போல்கிட் என்று முக்கியமான பொதிகள் (யம் நிறுவும் மென்பொருள் தொகுப்புகள்) அனைத்தும், புதுப்பிக்க வேண்டாம் என்ற விலக்குப் பட்டியலில் இருந்தன. ஒருமுறை அப்டேட் செய்தபின் பில் அச்சாகாமல் போனதாகவும், அதற்குப் பிறகு இப்படிப் பூட்டி வைத்ததாகவும் பழைய ஊழியர் ஒருவர் சொன்னார். பொறுப்பேற்றவுடன் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். யம் அல்லது அதன் வாரிசான டிஎன்எஃப் பயன்படுத்தும் சேர்வரில் விலக்குப் பட்டியலையும், உபுண்டுவிலும் டெபியனிலும் பிடித்து வைக்கப்பட்டுள்ள பொதிகளின் பட்டியலையும் பாருங்கள். “எல்லாம் புதியதாக இருக்கிறது” என்று சேர்வர் சொல்வது, அதனிடம் எதைக் கேட்கலாம் என்று முன்பிருந்தவர் விட்டுவைத்ததைப் பொறுத்தது.

ஏன் யாரும் புதிய இயங்குதளத்துக்கு மாற்றவில்லை என்பதற்கு விடை தேடியபோது, தடையாக நின்றது இயங்குதளம் அல்ல, அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்த பில்லிங் மென்பொருள் என்பது தெளிவாகியது. தரவுத்தளத்துடன் பேசுவதற்கு அது பயன்படுத்திய பழைய மைஎஸ்கியூஎல் செயற்கூறுகள் பிஎச்பி 7 இல் முற்றாக நீக்கப்பட்டுவிட்டன. இயங்குதளத்தை மாற்றினால் பிஎச்பி மாறும். பிஎச்பி மாறினால் பில் நின்றுவிடும். அதைத் திருத்தி எழுதப் பணம் வேண்டும். பழையதையும் புதியதையும் சில மாதங்கள் பக்கத்தில் பக்கமாக ஓடவிட இரட்டை வாடகை வேண்டும். 2022 இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் பாய்ந்த காலத்தில் எந்த முதலாளியிடம் இதைக் கேட்பது? அந்தப் பொறியியலாளரை நான் குறை சொல்லமாட்டேன். உரிய காலத்தில் சென்ட்ஓஎஸ் 8 க்கு மாறியவர்களுக்கும் நிம்மதி கிடைக்கவில்லை. 2029 வரை இருக்கும் என்று நம்பப்பட்ட அதன் ஆயுள் 2021 டிசம்பருடன் முடியும் என்று இடையிலே அறிவித்தார்கள்.

முதலாளிக்கு அந்தச் சேர்வர் மீது ஒரு பெருமை இருந்தது. “மின்வெட்டுக் காலத்தில கடை நிண்டது, சேர்வர் நிக்கேல்லை. பிள்ளை, ஓடுறதை ஓட விடும்” என்பார். மறுதொடக்கம் செய்யாமல் பல ஆண்டுகள் ஓடும் சேர்வர் எனக்கோ அச்சத்தைத்தான் தந்தது. புதிய கேர்னலை நிறுவினாலும், மறுதொடக்கம் செய்யும்வரை பழைய கேர்னலே இயங்கும். பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் ஓபன்எஸ்எஸ்எல் போன்ற நூலகத்தைப் புதுப்பித்தாலும், அதை ஏற்கனவே நினைவகத்தில் ஏற்றி வைத்திருக்கும் நிரல்கள் நிறுத்தி மீண்டும் தொடங்கப்படும்வரை பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். அதைவிட, கையால் தொடக்கிவிட்டு மறந்த சேவைகள் மறுதொடக்கத்தின் பின் எழும்புமா என்பது எவருக்கும் தெரியாது. இதற்கு ஒரு எளிய ஒழுங்கு உண்டு: அப்டேட் செய்வதற்கு முன், எதையும் மாற்றாமல் ஒருமுறை மறுதொடக்கம் செய்து பார்ப்பது. அதிலேயே ஏதாவது எழும்பாமல் போனால், பிழை முன்பே இருந்தது என்பது உறுதியாகும். இல்லாவிட்டால் அப்டேட்டின் தலையில் எல்லாப் பழியும் விழும், அடுத்த அப்டேட்டுக்கு எவரும் அனுமதி தரமாட்டார்கள்.

ஜூன் 30 கழிந்தது. புதிய இயங்குதளத்துக்கு மாறுவதற்கு நான் கொடுத்த செலவு மதிப்பீடு முதலாளியின் மேசையில் கிடந்தது. ஜூலை 19 ஆம் திகதி, கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான அப்டேட் ஒன்றால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. விமான நிலையங்களில் மக்கள் வரிசையில் நிற்கும் படத்தைத் தொலைபேசியில் காட்டி, “அப்டேட் செய்தவை எல்லாம் படுத்திட்டுது, எங்கட சேர்வர் ஓடுது” என்று முதலாளி சிரித்தார். அதில் ஒரு நியாயம் இருந்ததால் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அப்டேட்டும் சேர்வரைக் கெடுக்கும். முன்னர் பில் அச்சாகாமல் போனதும் அப்படித்தான். ஆனால் அந்தச் சம்பவத்தில் பிழையான கோப்பை வெளியிட்டவர்கள் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அதை மீளப் பெற்றார்கள். எங்கே பிழை நேர்ந்தது, எதை அழித்தால் சரிவரும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கைவிடப்பட்ட இயங்குதளத்தில் ஒரு ஓட்டை வெளிப்பட்டால் திருத்தம் தருவதற்கு மறுபக்கத்தில் ஆளே இல்லை. இதை நான் அன்று சொன்னேன், எடுபடவில்லை.

ஓகஸ்ட் இறுதியில் ஒரு காலை, மூன்று கடைகளிலும் பில் போட நிமிடக்கணக்கில் எடுக்கத் தொடங்கியது. சேர்வரில் நுழைந்து பார்த்தால் கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐ என்ற பெயரில் ஒரு நிரல் முழுச் செயலியையும் விழுங்கிக்கொண்டிருந்தது. கேர்னலின் சொந்தப் பணி ஒன்றைப் போல ஒலிக்கும்படி வேண்டுமென்றே வைக்கப்பட்ட பெயர் அது; கின்சிங் எனப்படும் தீநிரல் கொண்டுவந்து இறக்குகின்ற, கிரிப்டோ நாணயம் அகழும் நிரல். கொன்றால் ஒரு நிமிடத்தில் திரும்ப வந்தது, ஏனெனில் அப்பாச்சி பயனரின் (அப்பாச்சி இயங்கும் கணக்கின்) கிரோன் பட்டியலில், அதாவது குறித்த நேரங்களில் தானாக இயங்கும் கட்டளைகளின் பட்டியலில், அதை மீண்டும் இறக்கும் வரி ஒன்று இருந்தது. கை நடுங்கியது என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. அந்த நேரத்தில் அழைத்துக் கேட்க ஒருவரும் இல்லை. கடைகளிலிருந்து அழைப்புகள் மட்டும் வந்துகொண்டேயிருந்தன.

வந்த வழியை அப்பாச்சியின் பதிவுக் கோப்பு காட்டியது, அது நான் எதிர்பார்த்த இடமும் அல்ல. சில்லறை வியாபாரிகள் இணையத்தில் பொருட்களுக்கு ஓர்டர் கொடுப்பதற்காக எப்போதோ ஒரு சிறிய பக்கம் செய்திருந்தார்கள். அதன் துணை நூலகங்கள் அடங்கிய கோப்புறை முழுவதும் பொதுவெளியில் திறந்து கிடந்தது. அதனுள் பிஎச்பியுனிட் என்ற சோதனைக் கருவியின் பழைய பதிப்பு. அனுப்பப்படும் எந்த நிரல்வரியையும் அப்படியே இயக்கிவிடும் கோப்பு ஒன்று அதில் உண்டு. 2017 இலேயே அந்தக் குறைபாடு பதிவு செய்யப்பட்டுத் திருத்தமும் வெளியாகிவிட்டது. யம் கட்டளையை ஒவ்வொரு நாளும் ஓட்டியிருந்தாலும் இது திருந்தியிருக்காது, ஏனெனில் இப்படி ஒரு மென்பொருள் இருப்பதே யம்முக்குத் தெரியாது. இயங்குதளத்தின் பொதி மேலாளர் தான் நிறுவியவற்றை மட்டுமே அறியும். பிஎச்பி நூலகங்களை இறக்கும் கொம்போசர் வழியாக வந்தவை, பைதன், நோட் நூலகங்கள், வேர்ட்பிரஸ் செருகுநிரல்கள், கையால் இறக்கி வைத்தவை ஆகிய அனைத்தும் அதன் கண்ணுக்கு அப்பாற்பட்டவை. அவற்றுக்குத் தனியாக ஒரு பட்டியல் வேண்டும், ஒவ்வொன்றையும் எங்கிருந்து புதுப்பிப்பது என்ற குறிப்பும் வேண்டும். சோதனைக் கருவிகள் உற்பத்திச் சேர்வருக்கு வரவே கூடாது.

அகழும் நிரலை நீக்கிவிட்டு அப்படியே தொடரலாமே என்று முதலாளி கேட்டார். இங்கேதான் இயங்குதளத்தைப் புதுப்பிக்காததன் விலை தெரிந்தது. உள்ளே வந்தவர் அப்பாச்சி பயனராகத்தான் வந்தார். புதுப்பிக்கப்பட்ட சேர்வரில் அவரால் பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டியிருக்க முடியாது. எங்கள் சேர்வரிலோ போல்கிட் பொதி விலக்குப் பட்டியலில் இருந்தது. சாதாரணப் பயனர் எவரும் சேர்வர் முழுவதையும் ஆளும் ரூட் அதிகாரம் பெற வழிவிடும் ஓட்டை ஒன்று அதில் 2009 இலிருந்தே இருந்து 2022 ஜனவரியில் வெளிப்பட்டது. சென்ட்ஓஎஸ் 7 க்கும் திருத்தம் வந்தது, நாங்கள்தான் வாங்கிக்கொள்ளவில்லை. வந்தவர் அதைப் பயன்படுத்தியதற்கு எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை, ஆனால் பயன்படுத்தவில்லை என்றும் என்னால் கையெழுத்திட முடியாது. ரூட் அதிகாரம் பெற்றவர் பதிவுக் கோப்புகளையும் நான் பார்க்கப் பயன்படுத்தும் கட்டளைகளையுமே மாற்றக்கூடியவர். அத்தகைய இயந்திரத்தைச் சுத்தம் செய்வது என்று ஒன்று இல்லை. புதிதாகக் கட்டுவது மட்டுமே உண்டு.

இதற்கிடையில் எங்கள் சேர்வர் மற்றவர்களின் சேர்வர்களைத் துழாவுகிறது என்று ஹோஸ்டிங் நிறுவனத்திலிருந்து முறைப்பாடு வந்தது; அன்று மாலையே இணைய இணைப்பைத் துண்டித்தார்கள், கணக்கையும் முடக்கினார்கள். கணக்கு முடங்கியதும், காப்புப் பிரதி என்று நாங்கள் நம்பியிருந்த ஸ்னாப்ஷொட்டுகளும் (சேர்வரின் அந்தந்த நேரத்து நகல்களும்) கைக்கு எட்டாமல் போயின, அவை அதே கணக்கினுள் அல்லவா இருந்தன. நல்லகாலமாக, நான் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வோர் இரவும் தரவுத்தளத்தின் பிரதி ஒன்றைப் புறக்கோட்டைக் கடையிலுள்ள கணினிக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். வேறு இடத்தில், வேறு கணக்கில், வேறு கடவுச்சொல்லின் கீழ் ஒரு பிரதி இருக்க வேண்டும். அதை வேறொரு கணினியில் ஏற்றிப் பார்க்காதவரை அதைக் காப்புப் பிரதி என்று அழைக்கவும் வேண்டாம்.

கடைகளில் கார்பன் தாள் வைத்துக் கையால் பில் எழுதினார்கள். நான் வேறொரு நிறுவனத்தில் உபுண்டு 24.04 உடன் புதிய சேர்வர் ஒன்றை எடுத்தேன்; அதற்குச் சாதாரணப் பாதுகாப்பு ஆதரவு 2029 வரை உண்டு. பழைய பில்லிங் மென்பொருளை உடனே திருத்தி எழுத வழியில்லாததால், பிஎச்பி 5.6 கொண்ட கென்டெய்னர் ஒன்றினுள் (சேர்வரின் மற்றப் பகுதிகளிலிருந்து பிரித்துவைத்த பெட்டி போன்றது) அதை அடைத்து, மூன்று கடைகளும் வயர்கார்ட் விபிஎன் என்ற மறைகுறியாக்கிய தனி இணைப்பு வழியாக மட்டும் அதை அடையும்படி செய்து, பொது இணையத்திலிருந்து முற்றாக மறைத்தேன். பழைய பிஎச்பியைக் கென்டெய்னரில் போட்டதால் அது பாதுகாப்பானதாகிவிடாது. கதவு ஒன்றுதான், அதன் சாவி மூன்று பேரிடம்தான் என்ற அளவுக்கே அது தடுப்பு. ஆனால் அடித்தளத்தை உடனே புதியதாக்கிவிட்டு, மென்பொருளைத் திருத்தக் காலம் வாங்குவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பழைய சேர்வரிலிருந்து அமைப்புகளைப் பார்த்து எழுதுவதற்காக ஹோஸ்டிங் நிறுவனம் மட்டுப்படுத்திய அணுகல் தந்தபோது, ஒரு சிறு கருவியை நிறுவ முயன்றால் யம் பொதிகளை இறக்கும் களஞ்சியங்களின் பட்டியலுக்கான முகவரியையே கண்டுபிடிக்க முடியாமல் நின்றது. ஆதரவு முடிந்ததும் அந்த முகவரியை எடுத்துவிட்டார்கள். பழைய பொதிகள் காப்பகத் தளத்தில் மட்டுமே கிடைக்கும் என்பதையும் அப்போதுதான் பலர் அறிகிறார்கள்.

தரவுத்தள மாற்றம்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது. பழைய அட்டவணைகள், மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 குறியீட்டில் உள்ளவை என்று அறிவிக்கப்பட்டிருந்தன, ஆனால் அவற்றினுள் தமிழ், சிங்களப் பெயர்கள், எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூடிஎஃப்-8 குறியீட்டின் பைட்டுகளாக இருந்தன. பழைய மென்பொருள் அதே தவறான வழியில் எழுதி அதே தவறான வழியில் வாசித்ததால் திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. புதிய மரியாடிபி 10.11 க்கு வழமையான முறையில் ஏற்றியவுடன், வாடிக்கையாளர் பெயர்கள் அனைத்தும் தலைமேல் கொம்பு முளைத்த லத்தீன் எழுத்துகளாகிவிட்டன. பிரதி எடுக்கும்போது எழுத்துக்குறியை லத்தீன்1 என்று சொல்லி, பைட்டுகளை மாற்றமின்றி வெளியே எடுத்து, கோப்பில் உள்ள அறிவிப்புகளை யூடிஎஃப்8எம்பி4 (மரியாடிபியில் முழுமையான யூடிஎஃப்-8 இன் பெயர்) என்று திருத்தி ஏற்றினால் சரிவரும். தமிழ்த் தரவு வைத்திருக்கும் பழைய சேர்வர் எவருடைய கையில் இருந்தாலும், இதைப் பரீட்சார்த்தப் பிரதியில் முன்கூட்டியே செய்து பார்ப்பது நல்லது. இன்னொன்று: பழைய மரியாடிபி புலத்தின் நீளத்தைத் தாண்டிய முகவரியைச் சத்தமில்லாமல் வெட்டிச் சேமித்தது, புதியது கண்டிப்பான முறையில் இயங்குவதால் பில்லையே மறுத்தது. இவை கெடுதல்கள் அல்ல, முன்பே இருந்த அழுக்குகள் வெளியே தெரிந்தமைதான்; இருந்தும் நள்ளிரவில் பார்க்கும்போது அப்படித் தோன்றுவதில்லை.

தரவுத்தளத்தைப் புதியதற்கு மாற்றுவதற்கு, ஜனாதிபதித் தேர்தல் நடந்த 2024 செப்டெம்பர் 21 ஆம் திகதி வார இறுதியைத் தேர்ந்தேன். கடைகள் பூட்டியிருந்தன, அன்றிரவு ஊரடங்கும் போட்டதால் முதலாளி உட்பட எவரும் வந்து தோளுக்குப் பின்னால் நிற்க வழியில்லை. நான் வெள்ளவத்தையிலிருந்தபடி வாக்கு எண்ணிக்கையை ஒரு காதில் கேட்டுக்கொண்டு வேலையை முடித்தேன். கையெழுத்துப் பில்களைச் சேர்ப்பதற்குக் காசாளர்கள் அதன் பின்னரும் நாட்கணக்கில் மெனக்கெட்டார்கள்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். மென்பொருளைத் திருத்தி எழுதிய நிரலாளருக்கு நான்கு இலட்சம் ரூபாவுக்குக் கிட்டக் கொடுத்தோம். நான் ஆண்டின் தொடக்கத்தில் கொடுத்த மதிப்பீட்டில் இருந்ததைவிட அது அதிகம், ஏனெனில் அவசரத்துக்கு வேறு விலை. இரட்டை வாடகை சில மாதங்கள். கைப்பில் நாட்களில் கையிருப்பு தெரியாமல் திருப்பி அனுப்பிய மொத்த வியாபார ஓர்டர்களின் பெறுமதியை முதலாளி எனக்குச் சொல்லவில்லை, சொன்ன முகத்தைவிடச் சொல்லாத முகம்தான் எனக்குப் பாரமாக இருந்தது. பணம் கேட்கப் போகிறவர்களுக்கு ஓர் உள்ளூர் உதாரணம் உதவும்: 2023 ஓகஸ்டில் அரசாங்க மின்னஞ்சல் சேவை மீது நடந்த கப்பம் கோரும் தாக்குதலில், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. அங்கே இயங்கியது ஆதரவு முடிந்துபோன, மைக்ரோசொஃப்டின் மின்னஞ்சல் சேர்வர் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் 2013. அதை மாற்றாததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் நிதியும் ஒன்று. இதைக் காட்டியபோதுதான் முதலாளி அடுத்த ஆண்டுக்கான பராமரிப்புத் தொகையை மறுபேச்சின்றி ஒதுக்கினார்.

இப்போதைய ஒழுங்கு எளிமையானது. உபுண்டுவில் அனட்டெண்டட் அப்கிரேட்ஸ் என்ற சேவை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தானாக நிறுவுகிறது. மறுதொடக்கத்தை அது இயல்பாகச் செய்யாது, நாம்தான் இயக்கிவிட வேண்டும். நான் அதை ஞாயிறு அதிகாலைக்கு ஒதுக்கியிருக்கிறேன், எழும்பாவிட்டால் திங்கள் கடை திறப்பதற்குள் எனக்கு ஒரு முழுநாள் இருக்கும். மற்ற அப்டேட்டுகளை மாதத்தில் ஒருநாள் பரீட்சார்த்தப் பிரதியில் நிறுவி, ஒரு பில் போட்டு, ஒரு கையிருப்பு அறிக்கை எடுத்து, தமிழ்ப் பெயர் ஒன்றை அச்சிட்டுப் பார்த்த பின்னரே உண்மைச் சேர்வருக்குக் கொண்டுபோகிறேன். எதையாவது பிடித்துவைக்க நேர்ந்தால், ஏன், எப்போது விடுவிப்பது, யார் பொறுப்பு என்பது அதே நாளில் எழுதப்பட வேண்டும். இயங்குதளம், பிஎச்பி, மரியாடிபி மூன்றினதும் ஆதரவு முடியும் திகதிகள் முதலாளியின் நாட்காட்டியிலும் குறிக்கப்பட்டுள்ளன, ஏனெனில் நானும் ஒருநாள் இந்த வேலையை விட்டுப் போகலாம்.

பழைய கென்டெய்னர் இன்னும் முழுதாக மூடப்படவில்லை. முந்தைய ஆண்டுகளின் கையிருப்பு அறிக்கை ஒன்று அதிலிருந்துதான் எடுக்க முடிகிறது. வரிக் கணக்குக்காகக் கணக்காளர் அதைக் கேட்கிறார். அவர் கேட்கும் நாளில் மட்டும் அதை இயக்கி, அறிக்கையை எடுத்துக் கொடுத்தபின் நிறுத்திவிடுகிறேன். அந்த அறிக்கையைப் புதிய மென்பொருளில் எழுதுவதற்கான விலைமனு கடந்த கிழமை வந்திருக்கிறது.